சோனி எஃப்இ 50 மி.மீ. எஃப்/1.2 ஜி மாஸ்டர்: மூன்று ஆஸ்பெரிக் கண்ணாடிகளை முன்வைத்து ஒரு மதிப்புரை

ஒரு லென்ஸில் எத்தனை ஆஸ்பெரிக் எலிமெண்டுகள், அதாவது கோள வடிவத்திலிருந்து மாறுபட்ட பரப்புடைய கண்ணாடிகள், உள்ளன என்பதைத் தயாரிப்பாளர்கள் விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவை எந்த முறையில் செய்யப்பட்டன, அவற்றின் பரப்பு எவ்வளவு வழவழப்பானது என்பவை பெரும்பாலும் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. ஆனால் எடுத்த படத்தில் நம் கண்ணில் படுவது எண்ணிக்கை அல்ல, செய்நேர்த்திதான். 2021 மார்ச் மாதம் சோனி அறிவித்த எஃப்இ 50 மி.மீ. எஃப்/1.2 ஜி மாஸ்டர் லென்ஸை உருவப்படங்களுக்கும் இரவுக் காட்சிகளுக்கும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பத்துக் குழுக்களில் பதினான்கு எலிமெண்டுகள் கொண்ட இந்த லென்ஸில் ‘எக்ஸ்ஏ’ என்று சோனி பெயரிட்டிருக்கும் ஆஸ்பெரிக் எலிமெண்டுகள் மூன்று. இந்த லென்ஸை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அந்த மூன்று கண்ணாடிகளே என்பதால், இந்த மதிப்புரையில் பெரும்பகுதியை அவற்றுக்கும் அவ்வகைக் கண்ணாடிகள் உருவாகும் விதத்துக்கும் ஒதுக்குகிறேன்.

கோள வடிவப் பரப்புடைய ஒரு லென்ஸில், மையத்தை ஒட்டி நுழையும் கதிர்களும் விளிம்பை ஒட்டி நுழையும் கதிர்களும் ஒரே புள்ளியில் சேர்வதில்லை. விளிம்புக் கதிர்கள் அதிகமாக வளைந்து, சற்று முன்னதாகவே குவிந்துவிடுகின்றன. கோளப் பிறழ்ச்சி எனப்படும் இந்தக் குறை, லென்ஸின் திறப்பு பெரிதாகப் பெரிதாக மிக வேகமாக வளரும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுக்கு எஃப்/1.4 திறப்பில் ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 35.7 மி.மீ.; எஃப்/1.2 திறப்பில் அது 41.7 மி.மீ. ஆகிவிடுகிறது. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கோளப் பிறழ்ச்சியால் படத்தில் ஏற்படும் மங்கல், முதன்மைக் கணக்கில், விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப வளர்வதால் அந்த ஆறு மில்லிமீட்டர் குறையை ஏறத்தாழ 1.6 மடங்காக்கிவிடுகிறது. ஆஸ்பெரிக் பரப்பு இல்லாமல் செய்யப்பட்ட பழைய எஃப்/1.2 லென்ஸ்களை முழுத் திறப்பில் பயன்படுத்தியவர்களுக்கு, வெளிச்சமான பகுதிகளைச் சுற்றி ஒரு மெல்லிய வெண்திரை படர்வது நன்கு தெரிந்த காட்சி.

இதற்கான தீர்வு கணக்களவில் மிகப் பழையது. எந்த வளைவு எல்லாக் கதிர்களையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுசேர்க்கும் என்பதை பிரெஞ்சுக் கணித அறிஞர் ரெனே தெக்கார்த் 1637-இலேயே காட்டிவிட்டார். மையத்தில் ஒரு வளைவும் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல வேறு வளைவும் கொண்ட பரப்பு அது. அதைத் தாளில் வரைவது எளிது. கண்ணாடியில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. காரணம், கண்ணாடியைத் தேய்க்கும் வேலையே இயல்பாகக் கோளத்தை நோக்கித்தான் செல்லும். இரண்டு பரப்புகளை ஒன்றன்மீது ஒன்று வைத்து, இடையே தேய்பொருளை இட்டு, எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றி நகர்த்திக்கொண்டே இருந்தால், எந்த நிலையில் வைத்தாலும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தும் வடிவத்தையே அவை இறுதியில் அடையும். கோளம் மட்டுமே அப்படிப் பொருந்தும். தட்டையான பரப்பும் அதன் ஓர் எல்லை வடிவமே. ஆகவே கோளப் பரப்பில் தேய்ப்பவரின் சிறு பிழைகளைத் தேய்க்கும் செயலே திருத்திவிடுகிறது. ஆஸ்பெரிக் பரப்பில் அந்த உதவி கிடைக்காது. ஒவ்வோர் இடத்திலும் வளைவு மாறுவதால், முழுப் பரப்பையும் ஒருசேரத் தழுவும் பெரிய தேய்கருவியைப் பயன்படுத்த முடியாது. சிறிய கருவியைக் கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்த்து, அளந்து, மீண்டும் தேய்க்க வேண்டும். சிறிய கருவி சென்ற ஒவ்வொரு தடமும் பரப்பில் ஒரு மெல்லிய அலையை விட்டுச்செல்லும். அந்த அலைதான் இந்தத் தொழிலின் தீராத தலைவலி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கேமரா லென்ஸ்களில் ஆஸ்பெரிக் பரப்பு வணிக அளவில் அறிமுகமானது 1966-இல், லைக்காவின் நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப்/1.2 லென்ஸ் வழியாக. அதன் இரண்டு ஆஸ்பெரிக் பரப்புகளும் தேர்ந்த கைகளின் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகத் தேய்த்துச் செய்யப்பட்டன. உழைப்பும் கழிவும் அவ்வளவு அதிகமாக இருந்ததால், 1970-களின் நடுவில் அதற்கு மாற்றாக வந்த எஃப்/1.0 நாக்டிலக்ஸில் ஆஸ்பெரிக் பரப்பையே கைவிட்டு, ஒளிவிலகல் எண் மிகுந்த கண்ணாடியைக் கொண்டு வேலையை முடித்தார்கள். கேனான் 1971-இல் எஃப்டி 55 மி.மீ. எஃப்/1.2 ஏஎல் லென்ஸையும், நிக்கான் 1977-இல் நாக்ட்-நிக்கோர் 58 மி.மீ. எஃப்/1.2 லென்ஸையும் கொண்டுவந்தன. நாக்ட்-நிக்கோரின் முன் எலிமெண்ட் கையால் மெருகேற்றப்பட்டது. இவை அனைத்தும் பெருந்திறப்பு லென்ஸ்கள் என்பதும், இரவு வெளிச்சத்தை மனத்தில் கொண்டு உருவானவை என்பதும் தற்செயலல்ல. வேறெங்கும் அந்தச் செலவை நியாயப்படுத்த முடியாமல் இருந்தது.

தேய்த்து மெருகேற்றும் முறை இன்றும் மறைந்துவிடவில்லை. கணினி கட்டுப்படுத்தும் எந்திரங்கள் கையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. காந்தப் புலத்தில் கெட்டிப்படும் ஒரு திரவத்தில் நுண்ணிரும்புத் துகளையும் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியையும் கலந்து, அந்தத் திரவத்தையே மெருகேற்றும் கருவியாக்கும் முறை ஒன்று உண்டு. 1996-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் தொடங்கப்பட்ட கியூஇடி டெக்னாலஜீஸ் அதை வணிகப்படுத்தியது. கருவி திரவமாக இருப்பதால் பரப்பின் வளைவு எப்படி மாறினாலும் அதற்கு ஏற்பப் படிந்துகொள்ளும். எங்கே எத்தனை நானோமீட்டர் நீக்க வேண்டுமோ அங்கே கூடுதல் நேரம் நின்று நீக்கும். அருமையான முறை, ஆனால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனியே நேரம் செலவாகும். 2019-இல் வந்த நிக்கானின் நிக்கோர் இசட் 58 மி.மீ. எஃப்/0.95 நாக்ட், தேய்த்துச் செய்த ஆஸ்பெரிக் எலிமெண்டைக் கொண்டது. அதன் எடை இரண்டு கிலோகிராம். அது வேறு உலகத்துப் பொருள்.

மற்றொரு முறை, கோள வடிவக் கண்ணாடியின் மீது மெல்லிய பிசின் அடுக்கை இட்டு, அதை ஆஸ்பெரிக் வடிவம் கடைந்த மோல்டால் (வார்ப்புக் கருவியால்) அழுத்தி, புற ஊதா ஒளியால் இறுகச் செய்வது. மலிவானது, எந்தக் கண்ணாடியின் மீதும் செய்யலாம். 1992-இல் டாம்ரான் வெளியிட்ட 28-200 மி.மீ. ஜூம் கையடக்கமாக அமைந்ததற்கு இந்தக் கலப்பு முறை பெரிதும் உதவியது. ஆனால் பிசின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கண்ணாடியை விட அதிகமாக வளைந்துகொடுக்கும் பொருள். எஃப்/1.2 போன்ற திறப்புக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

இப்போது பெரும்பாலான உயர்தர லென்ஸ்களில் இருப்பது மோல்டில் அழுத்திச் செய்த கண்ணாடி. எக்ஸ்ஏ எலிமெண்டுகளும் அந்த வழியில் பிறந்தவையே என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

முதலில் மூலக் கண்ணாடி. உருகிய கண்ணாடியைச் சொட்டாக விட்டு உருவாக்கிய துண்டாகவோ, தேய்த்து மெருகேற்றிய உருண்டையாகவோ அது இருக்கும். அதன் பரப்பில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது, ஏனெனில் அழுத்திய பிறகு மெருகேற்றும் கட்டமே கிடையாது. உள்ளே போகும்போது இருந்த குறை வெளியே வரும்போதும் இருக்கும். எல்லாக் கண்ணாடியும் இதற்குப் பயன்படாது. இளகத் தொடங்கும் வெப்பநிலை மிகையாக இருந்தால் மோல்டு விரைவில் கெட்டுவிடும். அதனால் சுமார் 550 பாகை செல்சியஸுக்குக் கீழே இளகும் சிறப்புக் கண்ணாடிகளை ஷாட், ஓஹாரா, ஹோயா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தயாரிக்கின்றன. லென்ஸ் வடிவமைப்பாளர் விரும்பும் ஒளிவிலகல் எண்ணும் மோல்டு தாங்கும் வெப்பநிலையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால், ஆஸ்பெரிக் எலிமெண்டை எங்கே வைப்பது என்ற முடிவில் வேதியியலுக்கும் பங்குண்டு.

அடுத்து மோல்டு. டங்ஸ்டன் கார்பைடு அல்லது சிலிக்கன் கார்பைடு போன்ற மிகக் கடினமான பொருளில், வைரத் துகள் பதித்த சக்கரத்தால் அது கடையப்படும். மோல்டு தன் அச்சில் சுழல, சக்கரம் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நகரும். எந்திரத்தின் அசைவுகள் நானோமீட்டர் அளவில் கட்டுப்படுத்தப்படுகின்றன. அந்த அறையின் வெப்பநிலை மாறினாலே அளவு தவறும். கடைந்த மோல்டின் மீது, சூடான கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக பிளாட்டினம்-இரிடியம் போன்ற உலோகக் கலவையோ வைரத்தை ஒத்த கார்பன் படலமோ மிக மெல்லியதாகப் பூசப்படும். கண்ணாடித் துண்டை மேல் மோல்டுக்கும் கீழ் மோல்டுக்கும் இடையே வைத்து, காற்றை வெளியேற்றி அல்லது நைட்ரஜனை நிரப்பிச் சூடேற்றுவார்கள். ஆக்சிஜன் இருந்தால் அந்த வெப்பத்தில் கார்பைடு அரித்துப்போகும். கண்ணாடி இளகியதும் மெல்ல அழுத்தி, அழுத்தத்தைக் கைவிடாமலேயே குளிர்வித்து, வடிவம் உறைந்த பிறகு வெளியே எடுப்பார்கள்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த வேலையில் இரண்டு நுட்பங்கள் என்னை வியக்கவைக்கின்றன. கண்ணாடியும் மோல்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், மோல்டின் வடிவத்தையே வேண்டுமென்று சற்றுத் தவறாகக் கடைய வேண்டும். முதலில் ஒரு கண்ணாடியை அழுத்தி, அதை அளந்து, வந்த பிழைக்கு எதிரான பிழையை மோல்டில் ஏற்றி, மறுபடியும் அழுத்திப் பார்ப்பார்கள். இரண்டாவது, அழுத்திய கண்ணாடி வழக்கமான கண்ணாடித் தயாரிப்பை விட மிக வேகமாகக் குளிர்வதால் அதன் அடர்த்தி சிறிது குறைந்து, ஒளிவிலகல் எண்ணும் மூன்றாம் தசம இடத்தில் இறங்கிவிடுகிறது. வடிவமைப்பாளர் கண்ணாடிப் பட்டியலில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது. இறங்கிய எண்ணை வைத்தே முழு லென்ஸையும் கணக்கிட வேண்டும். அதனால்தான் நல்ல மோல்டிங் கூடமும் நல்ல வடிவமைப்பாளரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இனி அந்த அலைக்கு வருகிறேன். மோல்டு சுழல, சக்கரம் நகர்ந்து கடைவதால், அதன் தடம் மையத்தைச் சுற்றிய நெருக்கமான வளையங்களாக மோல்டில் பதிகிறது. மெருகேற்றி அதை நீக்கலாம். ஆனால் மெருகேற்றுவது தடத்தை மட்டும் நீக்காது, அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த வடிவத்தையும் சேர்த்துக் கெடுக்கும். வழவழப்பும் வடிவமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறார். மோல்டிங்கின் இயல்பு காரணமாக, மோல்டில் எஞ்சிய வளையங்கள் அதிலிருந்து வெளிவரும் ஆயிரக்கணக்கான கண்ணாடிகளிலும் அப்படியே பதியும். எந்தப் பிரதியை வாங்கினாலும் அதே வளையம்.

எக்ஸ்ஏ எலிமெண்டின் பரப்புத் துல்லியம் 0.01 மைக்ரான் என்று சோனி அறிவித்திருக்கிறது. 2016-இல் முதல் ஜி மாஸ்டர் லென்ஸ்களோடு வந்த அறிவிப்பு அது. 0.01 மைக்ரான் என்பது 10 நானோமீட்டர். நம் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரியும் பச்சை ஒளியின் அலைநீளமான 550 நானோமீட்டரில் ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு. விளம்பரத்தில் வரும் எண்களைப் படத்தில் சரிபார்க்க வழி இருப்பது அரிது. இந்த எண்ணுக்கு மட்டும் அப்படி ஒரு வழி உண்டு.

ஃபோகஸில் உள்ள பொருளில் இந்த வளையங்கள் தெரியாது. அங்கே பரப்பின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன. சிறு அலைகளின் விளைவு அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஓர் ஒளிப்புள்ளி மட்டும் வட்டாக விரிகிறது. அந்த வட்டின் ஒவ்வோர் இடமும் லென்ஸின் திறப்பில் ஒவ்வோர் இடத்துக்கு நேரானது. அதாவது, அந்த வட்டு லென்ஸின் பரப்பை நமக்கு விரித்துக் காட்டும் வரைபடம். பரப்பில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒளியைச் சற்றுக் கூட்டியோ சிதறடித்தோ வட்டுக்குள் வெளிச்சக் கோடுகளையும் இருள் கோடுகளையும் உண்டாக்கும். ஒளிப்படக்காரர்கள் வெங்காய வளையம் என்று அழைப்பது இதைத்தான்.

பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு சிறிய எல்இடி விளக்கே போதும். இருட்டறையில் விளக்கைச் சில மீட்டர் தொலைவில் வைத்து, லென்ஸை அதற்கு முன்னால், மிக அருகில் ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில், விளக்கின் மையம் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியளவைக் குறைத்து எடுத்து, திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வெளுத்துப் போன வட்டில் எந்த வளையமும் தெரியாது. பலர் அப்படி எடுத்துவிட்டு லென்ஸ் சுத்தமானது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். என்னிடம் உள்ள, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய ஜூம் லென்ஸில் இப்படி எடுத்த வட்டுக்குள் மையத்திலிருந்து விளிம்பு வரை மெல்லிய வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெளிவாக அடுக்கியிருக்கின்றன; படச் சட்டத்தின் மூலைக்கு விளக்கை நகர்த்தினால் வளையங்களின் மையம் வட்டின் மையத்தைவிட்டு ஒரு பக்கமாக விலகிப்போகிறது. குறைக்குக் காரணமான பரப்பு, திறப்பைக் கூட்டிக் குறைக்கும் இதழ்களான அப்பெர்ச்சர் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது என்பதற்கு அந்த விலகல் அடையாளம். ஜி மாஸ்டரில் அதே விளக்கு, அதே தொலைவில், வட்டின் உட்புறம் ஓரம் வரை ஒரே சீரான வெளிச்சமாக இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று ஆஸ்பெரிக் எலிமெண்டுகளைக் கடந்து வந்த ஒளி அது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்தச் சீர்மைக்குப் பின்னால் இருக்கும் மோல்டு வேலைக்கு மனமார்ந்த மரியாதை தோன்றுகிறது.

வட்டின் விளிம்பும் கவனிக்கத்தக்கது. கோளப் பிறழ்ச்சியை அளவுக்கு மீறித் திருத்திவிட்டால் பின்னணி வட்டுகளின் ஓரத்தில் பளிச்சென்ற கோடு விழும். அப்போது இலைகள் வழியாக வரும் ஒளிப்பொட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கண்ணை உறுத்தும். ஆஸ்பெரிக் பரப்பு கையில் இருந்தால் எவ்வளவு திருத்துவது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதை வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கலாம். ஜி மாஸ்டர் வரிசையில் இந்த அளவை வடிவமைப்பிலேயே பொக்கேவுக்கு, அதாவது ஃபோகஸுக்கு வெளியே உள்ள பகுதிகள் மங்கித் தெரியும் அழகுக்கு, ஏற்பத் தீர்மானித்து, தயாரிப்பிலும் சரிசெய்வதாக சோனி கூறுகிறது. இந்த லென்ஸில் வெயில் புகுந்த மரத்தடியில் எடுத்த உருவப்படங்களில் பின்னணி இலைகள் கோடுகளாக உடையாமல், நிறத்திட்டுகளாகக் கலந்து நிற்கின்றன. முடியின் ஓரத்தில் ஃபோகஸ் விலகும் இடத்தில் திடீர் மாற்றம் இல்லை. உருவப்படம் எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கூர்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: எஃப்/1.2 திறப்பில் கண்ணிமை மயிர்கள் தனித்தனியே தெரிகின்றன, பழைய எஃப்/1.2 லென்ஸ்களின் வெண்திரை இல்லை, எஃப்/2-க்குக் குறைத்தால் கூடுதல் ஆழம் கிடைக்கிறதே தவிர, மையத்தில் கூர்மை பெரிதாக மாறியதாக நான் உணரவில்லை. இரவு வானத்தையும் நகர விளக்குகளையும் எடுப்பவர்களுக்கு மூலைகள் முக்கியம். பெருந்திறப்பு லென்ஸ்களில் மூலையில் உள்ள ஒரு விளக்கு இரு பக்கமும் சிறகு விரித்த பறவை போல் இழுபட்டு நிற்பதுண்டு. நாக்ட்-நிக்கோர் 1977-இல் எதிர்த்துப் போரிட்டது இந்தக் குறையோடுதான். ஜி மாஸ்டரில் மூலை விளக்குகள் முழுத் திறப்பிலேயே கச்சிதமாக இருக்கின்றன.

எடை விஷயத்திலும் ஆஸ்பெரிக் எலிமெண்டுகளின் பங்கு பெரிது. 2016-இல் இதே கேமரா வரிசைக்கு வந்த பிளானர் எஃப்இ 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸின் எடை 778 கிராம், நீளம் 108 மி.மீ. எஃப்/1.2 ஜி மாஸ்டரின் எடையும் 778 கிராம், நீளமும் 108 மி.மீ. விட்டம் மட்டும் சில மில்லிமீட்டர் கூடுதல். ஒளி நுழையும் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்க, எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஃபோகஸ் மோட்டாரும் மாறியிருக்கிறது என்பது உண்மை. பிளானரில் இருந்த வளைய வடிவ அல்ட்ராசோனிக் மோட்டாருக்குப் பதிலாக இதில் சோனி எக்ஸ்டி என்று அழைக்கும் நான்கு லீனியர் மோட்டார்கள் இரண்டு கண்ணாடிக் குழுக்களைத் தனித்தனியே நகர்த்துகின்றன. ஆனால் அந்த மோட்டார்கள் இவ்வளவு விரைவாகவும் ஓசையின்றியும் வேலை செய்ய, அவை தூக்கிச் செல்லும் கண்ணாடி இலேசாக இருக்க வேண்டும். பல கோளக் கண்ணாடிகள் சேர்ந்து செய்யும் திருத்தத்தை ஓர் ஆஸ்பெரிக் கண்ணாடி செய்துவிடுவதால்தான் அது முடிகிறது.

கையாளுதல் குறித்துப் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பெர்ச்சர் வளையம் உண்டு, அதன் சொடுக்கொலியை நிறுத்தும் பொத்தான் உண்டு, ஃபோகஸ் ஹோல்டு பொத்தான்கள் இரண்டு உண்டு. பதினொரு இதழ் அப்பெர்ச்சர், 72 மி.மீ. ஃபில்டர், 0.4 மீட்டர் வரை நெருங்கிப் படம் எடுக்கும் வசதி. முன் எலிமெண்டில் ஃபுளோரின் பூச்சு இருப்பதால் விரல்ரேகை எளிதில் துடைபடும். ஓடும் குழந்தைகளின் கண்ணைக்கூட ஃபோகஸ் விடாமல் பின்தொடர்கிறது.

ஆஸ்பெரிக் கண்ணாடி தீர்க்காத சில விஷயங்களை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிறங்கள் வெவ்வேறு தூரத்தில் குவிவது பரப்பின் வடிவத்தால் வரும் குறை அல்ல, கண்ணாடி என்ற பொருளின் தன்மையால் வருவது. ஆகவே ஃபோகஸுக்கு முன்னால் ஊதாச் சாயலும் பின்னால் பச்சைச் சாயலும் விழுவது இவ்வளவு பெரிய திறப்புள்ள லென்ஸ்களின் பொது இயல்பு. உலோகப் பளபளப்பையும் வெள்ளைத் துணியின் இழைகளையும் எடுப்பவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் எஃப்/1.2-இல் எடுக்க வேண்டும். அதுபோல, முழுத் திறப்பில் சட்டத்தின் ஓரங்களில் பொக்கே வட்டுகள் முழு வட்டமாக இல்லாமல் பூனைக்கண் போல் குறுகுவதும் மூலைகள் சற்று இருள்வதும் லென்ஸ் குழலின் விளிம்புகள் சாய்ந்து வரும் கதிர்களை மறைப்பதால் நேர்பவை. அவற்றை நீக்க வேண்டுமானால் லென்ஸைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த எடைக்கு இந்தக் குறைகள் எனக்கு நியாயமான பரிமாற்றமாகவே படுகின்றன.

எஃப்/1.2 எல்லோருக்கும் தேவையா என்றால், தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் எஃப்/4-இல் எடுப்பவருக்கு இந்த மூன்று கண்ணாடிகளின் உழைப்பில் பெரும்பகுதி வீண். விளிம்புக் கதிர்களை அப்பெர்ச்சர் வெட்டிவிட்ட பிறகு கோளக் கண்ணாடிகளே நன்றாக வேலை செய்யும். மங்கிய வெளிச்சத்தில் முகங்களை எடுப்பவர்களுக்கும், பின்னணியில் விளக்குகள் நிறைந்த காட்சிகளை விரும்புபவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. கோளப் பரப்புக்கு மையப் புள்ளி மட்டுமே உண்டு, தனக்கென்று ஓர் அச்சு கிடையாது. அது சற்று விலகி அமைந்தாலும், விளிம்பைத் தேய்த்து மையத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆஸ்பெரிக் பரப்புக்கு அச்சு உண்டு. இரண்டு பக்கமும் வளைந்த எலிமெண்டில் மேல் மோல்டின் அச்சும் கீழ் மோல்டின் அச்சும் சில மைக்ரானுக்குள் ஒத்திருக்க வேண்டும். பின்னர் அந்தக் கண்ணாடி குழலுக்குள்ளும் சாயாமல் அமர வேண்டும். இதில் வரும் பிழை, வளையங்களைப் போல எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவானதல்ல. பிரதிக்குப் பிரதி மாறக்கூடியது, எந்த நிறுவனத்தின் லென்ஸானாலும். ஆகவே அதே எல்இடி விளக்கை, கேமராவை முக்காலியில் நிறுத்தி, முழுத் திறப்பில் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த மூலையிலேயே கூர்மையாக ஃபோகஸ் செய்து எடுங்கள். நான்கு மூலைகளிலும் விளக்கின் வடிவம் ஒரே அளவில், மையத்தை நோக்கியபடி, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருந்தால் பிரதி நல்லது. மூன்று மூலைகள் கச்சிதமாக இருந்து ஒன்று மட்டும் இழுபட்டிருந்தால், வாங்கிய இடத்தில் படங்களைக் காட்டி, திரும்பப் பெறும் காலம் முடிவதற்குள் வேறு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.